அடுத்த வூட்ல கேளுங்க

வழிகாட்டுதல் என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்கு முதலில் எரிச்சல் வரும். அப்புறம் சந்தேகம் வரும். ஜவ்வாது மலையில் அங்கன்வாடி நடத்துகிறவளுக்கு அந்தச் சொல்லைப் பார்க்காமல் ஒரு வாரம் கூட ஓடாது. முட்டை கொடுக்க ஒரு வழிகாட்டு நெறிமுறை வரும். குழந்தையை எடை போட ஒன்று வரும். கை கழுவச் சொல்லித்தர இன்னொன்று வரும். அந்த முட்டை கொண்டை ஊசி வளைவெல்லாம் உருண்டு புரண்டு மேலே வந்து சேரும்போது அட்டையோடு உடைந்து கிடக்கும். உடைந்ததை என்ன செய்வது என்று மட்டும் எந்த நெறிமுறையிலும் இருக்காது. எழுதியவர்கள் இந்தப் பஸ்ஸில் ஒரு தடவையாவது ஏறியிருப்பார்களா என்று நினைத்துக்கொள்வேன்.

நிலம் பதியப் போனால் வழிகாட்டு மதிப்பு என்கிறார்கள். அந்த விலைக்கு இங்கே யாரும் விற்றதும் கிடையாது, வாங்கினதும் கிடையாது. பள்ளிக்கூடச் சுவரில் பரீட்சை முடிந்த கையோடு வழிகாட்டுதல் முகாம் என்று பேனர் கட்டுகிறார்கள். இது போதாதென்று கார்க்காரர்களின் போனுக்குள் ஒரு பெண் உட்கார்ந்து வழி சொல்கிறாள். போன அறுவடையின்போது நாங்கள் களத்தில் சாமை உலர்த்தியிருந்தோம். வெள்ளைக் கார் ஒன்று நேராகக் களத்துக்குள் வந்து நின்றது. சக்கரம் ஏறி சாமையெல்லாம் மண்ணோடு மண்ணாகிவிட்டது. உள்ளே அவள் நிதானமாக, நேராகச் செல்லவும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நேராகப் போனால் எங்கள் மாட்டுக்கொட்டகைதான்.

நான் இப்படித்தான். யாரையும் சட்டென்று நம்ப மாட்டேன். இதை வைத்து என் வீட்டுக்காரர் வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்வார். "சாமியே நேர்ல வந்தாலும் நீ ஆதார் கார்டு எங்கன்னு கேப்ப" என்பார். கேட்டால்தான் என்ன? இருந்தால் காட்டிவிட்டுப் போகட்டும்.

எங்கள் மலையில் வழி சொல்வதற்கு ஒரு முறை உண்டு. கீழே இருந்து வருகிறவர்களுக்கு அது பிடிபடாது. இங்கே வீடுகள் நெருக்கமாக இருக்காது. நிலத்தோரம் ஒன்று, ஓடை தாண்டி ஒன்று என்று சிதறிக் கிடக்கும். புது ஆள் யாராவது வந்து இன்னார் வீடு எங்கே என்று கேட்டால் யாரும் முழு வழியையும் சொல்ல மாட்டார்கள். எங்கிருந்து வர்றீங்க, இன்னா ஜோலி என்று முதலில் விசாரிப்பார்கள். தண்ணீர் கொடுப்பார்கள். முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள். பிறகு, "அந்தப் புளியமரம் தாண்டினா ஒரு வூடு கீது. அங்க கேளுங்க" என்று கையை நீட்டுவார்கள். அங்கே போனால் அங்கேயும் இதே விசாரணை, இதே தண்ணீர், இன்னொரு வீடு. கணக்கெடுக்க வந்த ஓர் ஆள், பக்கத்து வீட்டைத் தாண்டி இந்த மலைக்காரர்களுக்கு எதுவுமே தெரியாது போல என்று என்னிடமே திட்டிவிட்டுப் போனார். தெரியாமல் இல்லை. எல்லோருக்கும் எல்லா வீடும் தெரியும். அவர் தேடி வந்த வீடு என்னுடையதுதான் என்று முதல் வீட்டிலேயே தெரியும். ஆனாலும் சொல்ல மாட்டார்கள்.

ஏன் என்று சின்ன வயதில் நானும் கேட்டதில்லை. எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன். அதன் பொருள் எனக்குப் புரிந்தது என் அண்ணன் போன பிறகுதான்.

அப்போது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அடிவாரத்திலிருந்து ஒரு மேஸ்திரி அடிக்கடி மேலே வருவார். காபித் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்பார். பேச்சு தேனாக இருக்கும். அண்ணனுக்கு அந்த வருடம் சாமை சரியாக விளையவில்லை, புளியும் காய்க்கவில்லை. வெளியூர் போய்ப் பழக்கமில்லாதவன். வழி தெரியாதே என்று தயங்கினான். மேஸ்திரி அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். "உனுக்கு எதுக்கு வழி? நான் காட்டறேன். நீ வண்டில வந்து குந்து, போதும்" என்றார். எங்கள் வீட்டு வாசலில் நின்றுதான் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு விடியற்காலையில் ரோட்டுக்கு வேன் வந்தது. கண்ணாடிக்கு உள்பக்கம் திரை போட்டிருந்தது. அண்ணன் ஏறினான். கை ஆட்டினானோ என்னவோ, திரை மறைத்துவிட்டது.

அவ்வளவுதான். பொங்கல் வந்தது, அவன் வரவில்லை. ஆடி வந்தது, அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மேஸ்திரியைப் பிடித்துக் கேட்டால், பாதி வழியில் வேறொரு மேஸ்திரியிடம் ஒப்படைத்ததாகச் சொன்னார். அந்த மேஸ்திரி யார் என்று கேட்டால் அவருக்கே சரியாகத் தெரியாதாம். புகார் கொடுத்தோம். விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அப்பாவும் நானும் அவன் போட்டோவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினோம். ஆலங்காயத்தில் பஸ் நிற்கிற இடத்தில் கடை கடையாகக் காட்டினோம். வாணியம்பாடியில் பஸ் ஸ்டாண்டு, ரயில் ஸ்டேஷன், சாப்பாட்டுக் கடை என்று அலைந்தோம். எல்லோரும் போட்டோவை வாங்கிப் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். பாக்கலியே.

அவர்கள் பொய் சொல்லவில்லை. அவன் யாரிடமும் எதையும் கேட்கவில்லையே, எப்படிப் பார்த்திருப்பார்கள்? பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டிருந்தால் ஒருவனாவது முகத்தைப் பார்த்திருப்பான். மேஸ்திரி அந்த வேலையே வைக்கவில்லை. வழி முழுக்க அவர் கையில் இருந்தது. எங்கள் மலையில் ஒருவன் காணாமல் போனால் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டே போகலாம். ஆமாம், வந்தான், தண்ணீர் குடித்தான், அந்தப் பக்கம் அனுப்பினேன் என்று ஒவ்வொரு வீடும் சொல்லும். எந்த வீட்டில் இல்லை என்கிறார்களோ அதற்கு முன்னால் தேடினால் போதும். அண்ணனுக்கு அப்படித் தேட ஓர் இடம் கூட இல்லை.

திரும்பி வரும்போது ஆலங்காயத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். அப்பா போட்டோவைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி இருந்தார். "யாராவது ஒருத்தன் பாத்தேன்னு சொல்லியிருந்தா போதும்மா. மீதிய நான் தேடிக்குவேன்" என்றார். அதற்கப்புறம் அவர் மலையை விட்டுக் கீழே இறங்கவே இல்லை. சாகும்வரை இறங்கவில்லை. அண்ணனும் வரவில்லை.

இப்போது என் மகள் கதைக்கு வருகிறேன். பன்னிரண்டாவது முடித்தாள். நல்ல மார்க். நர்சிங் படிக்க வேலூரைத் தாண்டி ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. அந்த வழிகாட்டுதல் முகாமில்தான் ஒரு மேடம் அவளுக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். எங்கள் பக்கத்திலிருந்து போகிற பிள்ளைகள் எல்லோரையும் ஒரே வேனில் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுவதாக ஏற்பாடு. மேடம் வீட்டுக்கே வந்தார். எந்தெந்த வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார் என்று எனக்கு முன்னாலேயே தகவல் வந்துவிட்டது. நல்ல மாதிரியாகத்தான் பேசினார். சிரித்த முகம். எழுந்து போகும்போது சொன்னார்: "நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கறோம். பொண்ணு வண்டில வந்து உக்காந்தா போதும்."

மேஸ்திரி அண்ணனிடம் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். நான் முகத்தை மாற்றாமல் காபி டம்ளரை வாங்கி வைத்தேன். வேனில் அனுப்ப மாட்டேன் என்று அவர் ஓடையைத் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். மகள் அழுதாள். கூடப் படித்தவர்கள் எல்லோரும் வேனில் போகும்போது, தான் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று பஸ் மாற வேண்டுமா என்று சண்டை போட்டாள். வீட்டுக்காரர் கூட, இவ்வளவு சந்தேகம் ஆகாது என்றார். இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த வேன் ஒழுங்காகப் போனது, எல்லாப் பிள்ளைகளையும் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டது. மேடம் நல்லவர்தான். அதனால் நான் சந்தேகப்பட்டது தப்பு என்று ஆகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நானே கூட்டிக்கொண்டு போனேன். ஆலங்காயத்தில் இறங்கியதும் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இட்லிக் கடை போட்டிருந்த ஓர் அக்காவிடம் போனேன். வாணியம்பாடி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன். பஸ் எனக்குப் பின்னாலேயே பெயர்ப் பலகையோடு உறுமிக்கொண்டு நின்றது. அந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். படிக்கத் தெரியாதா என்றார். தெரியும், இருந்தாலும் நீங்கள் ஒரு தரம் சொல்லுங்கள் என்றேன். பிறகு மகளை இழுத்து முன்னால் நிறுத்தினேன். "இது எம்பொண்ணுக்கா. நர்ஸு படிக்கப் போவுது. அடிக்கடி இந்தப் பக்கம் வரும். முகத்தப் பாத்துக்குங்க" என்றேன். மகள் என் கையைக் கிள்ளினாள்.

வாணியம்பாடியில் பஸ் ஸ்டாண்டு வாசலில் தள்ளுவண்டியில் பழம் விற்கிற ஒரு பாய். தொப்பி போட்டிருந்தார், வயதானவர், மருதாணி போட்ட தாடி. அவரிடம் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வேலூர் பஸ்ஸை விசாரித்தேன். மகளைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, கிண்டல் செய்யவில்லை. அவள் முகத்தைப் பார்த்து, நல்லா படிம்மா என்று ஒரு பழம் சேர்த்துக் கொடுத்தார். வேலூரில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிற அம்மாவிடம் அதே கேள்வி, அதே அறிமுகம். மகளுக்கு அதற்குள் முகம் சிவந்துவிட்டது. போனில் எல்லா வழியும் இருக்கிறது, எதற்கு ஊரெல்லாம் கேட்டு மானத்தை வாங்குகிறாய் என்று பஸ்ஸில் என் பக்கம் திரும்பாமலே வந்தாள்.

கல்லூரி வாசலில் வாட்ச்மேனிடம் நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வெடித்துவிட்டாள். "போதும்மா. இதுக்கு மேல யாரையும் கேக்காத. எனக்கு வழி தெரியும். உங்கண்ணன் மாதிரி நான் ஒண்ணும் காணாமப் போய்ட மாட்டேன்" என்றாள்.

அடி வாங்கின மாதிரி இருந்தது. அவள் மாமாவைப் பார்த்தது கூட இல்லை. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வந்த வழியே திரும்பினேன். யாரையும் எதுவும் கேட்கவில்லை.

அவள் முதல் வருடம் முடித்து இரண்டாம் வருடத்துக்குப் போனாள். லீவுக்கு வருவாள், போவாள். வழியைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை. போனைப் பார்த்துக்கொண்டே வந்து போகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். பயம் மட்டும் போகவில்லை. அவள் சிரித்துப் பேசினால், யாரோடு பேசிவிட்டு வந்து இப்படிச் சிரிக்கிறாள் என்று தோன்றும். பேசாமல் இருந்தால், எதை மறைக்கிறாள் என்று தோன்றும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தாய்க்கு நிம்மதி எங்கிருந்து வரும்?

ஒரு சனிக்கிழமை. மத்தியான பஸ்ஸுக்கு வந்துவிடுவேன் என்று முந்தைய நாள் சொல்லியிருந்தாள். அவளுக்குப் பிடிக்குமே என்று சாமைச் சோறு ஆக்கி, கோழிக் குழம்பு வைத்துவிட்டு ரோட்டுக்குப் போனேன். பஸ் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அவள் இல்லை. போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது. ஹாஸ்டலுக்குப் போட்டேன். காலையிலேயே கிளம்பிவிட்டாள் என்றார் வார்டன். காலையில் கிளம்பினவள் எங்கே?

அந்த ஒரு நிமிடத்தில் நான் யாரைத்தான் சந்தேகப்படவில்லை! கூடத் தங்கியிருக்கும் பெண், அந்த மேடம், வேன் டிரைவர், வார்டன், முகமே தெரியாத ஏதோ ஒரு பையன். வீட்டுக்காரர், அடுத்த பஸ்ஸில் வருவாள், பொறு என்றார். நான் பொறுக்கவில்லை. வந்த பஸ் திரும்பும்போது அதிலேயே ஏறிவிட்டேன். வளைவுக்கு வளைவு எதிரே வருகிற வண்டிகளின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். என் போனில் அவள் படம் இருந்தது. அப்பா போட்டோ வைத்திருந்ததைப் போல நானும் அதைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆலங்காயத்தில் இறங்கி நேராக அந்த இட்லிக் கடைக்குப் போனேன். அக்கா தட்டு கழுவிக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டினேன். என்னை அவருக்கு நினைவில்லை. படத்தைப் பார்த்ததும், "பாக்கலியே" என்றார்.

அதே ஊர், அதே இடம், அதே வார்த்தை. கடைப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வெளியே வந்தார்.

"இன்னிக்கு இன்னும் வரலம்மா. வந்திருந்தா எங்கிட்ட கேக்காம போயிருக்காது."

"கேக்குமா? இன்னா கேக்கும்?"

"பஸ்ஸு எங்க நிக்கும்னு கேக்கும். எதிர்லயே நிக்கும், அப்பவும் கேக்கும். போவும்போது வாணியம்பாடி பஸ்ஸு, வரும்போது மலை பஸ்ஸு. எப்பவும் கேட்டுட்டுதான் போவும். படிக்கிற புள்ளதான, இதுகூடத் தெரியாதான்னு நானும் நெனச்சிக்குவேன்."

இவ்வளவு நாளும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்டுக்கொண்டே போயிருக்கிறாள். அப்படியானால் இங்கே வந்து சேரவில்லை. இதற்கு முந்தைய இடத்தில் தேட வேண்டும். எனக்குத் தேட ஓர் இடம் இருந்தது. வாணியம்பாடி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறினேன்.

பாய் அதே வாசலில், அதே வண்டியோடு நின்றிருந்தார். மாதுளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் படத்தை எடுப்பதற்குள்ளேயே என்னை அடையாளம் கண்டுகொண்டார். என் முகத்தில் என்ன இருந்ததோ, கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்துவிட்டார். என் பொண்ணு, என்று மட்டும்தான் எனக்கு வந்தது.

"பாத்தேம்மா" என்றார் அவர். "பாத்தேன், பாத்தேன். பயப்படாதீங்க."

நான் அந்த வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பார்த்தது, பார்க்கட்டும் என்று அழுதேன். மகளுக்காக மட்டும் அழவில்லை. இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தானே அப்பா போட்டோவை வைத்துக்கொண்டு இதே வாசலில் அலைந்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பாய் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். மகள் காலையிலேயே வந்து ஆலங்காயம் பஸ் எங்கே என்று அவரிடம் கேட்டிருக்கிறாள். அப்போது பஸ் ஸ்டாண்டுக்குள் ஒரு கிழவி மயங்கி விழுந்திருக்கிறாள். கூட யாரும் இல்லை. மகள் ஓடிப்போய் நாடி பார்த்து, ஆட்டோவில் ஏற்றி, தானும் கூடவே ஏறிக்கொண்டாள். ஏறும்போது ஆஸ்பத்திரிக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டாளாம். ஆட்டோக்காரனுக்குத் தெரியும், ஆனாலும் என்னைக் கேட்டது என்றார் பாய். ஆஸ்பத்திரி எங்கே என்று நான் கேட்டேன். அவர் கையை நீட்டினார். "இந்த ரோட்டுலயே போங்க. மூலையில மருந்துக் கடை கீது. அங்க கேளுங்க."

மருந்துக் கடையில் கேட்டேன். ஆமாம், ஒரு பெண் வந்து கேட்டது, வாசல் அந்தப் பக்கம் என்றார்கள். வாசலில் கேட்டேன். வராந்தாவைக் காட்டினார்கள். அங்கே பெஞ்சில் மகள் உட்கார்ந்திருந்தாள். கிழவி அவள் மடியில் தலை வைத்து, கையில் குளுக்கோஸ் ஏறப் படுத்திருந்தாள். திட்டுவதற்கு வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். போன் என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டேன். சார்ஜ் போய்விட்டது என்றாள். கிழவியின் மகன் வந்துகொண்டிருக்கிறான், அவன் வரும்வரை விட்டுவிட்டு வர மனசில்லை என்றாள். யார் இந்தக் கிழவி, எந்த ஊர், மகன் என்றால் என்ன மகன் என்று நான் விசாரித்து முடிக்கும்வரை பொறுமையாகப் பதில் சொன்னாள்.

பிறகு நான்தான் கேட்டேன். யாரையும் கேட்காதே என்று அன்றைக்கு அவ்வளவு கோபப்பட்டாயே, அப்புறம் எதற்கு நீயும் கேட்டாய் என்று.

அவள் கிழவியின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள். "மாமாவ யாருமே பாக்கலன்னு சொன்னாங்கல்ல" என்றாள். "நீயும் அந்த வார்த்தையக் கேட்டுட்டு நிக்கக் கூடாதுன்னுதான்."

மகன் வந்தான். நான் அவனையும் நன்றாக விசாரித்த பிறகுதான் கிழவியை ஒப்படைத்தோம். ஆலங்காயம் வந்து சேர்ந்தபோது எங்கள் மலைக்குப் போகிற கடைசி பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிரே இட்லிக் கடைக்குப் போனாள். மலை பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள். நானும் கூட நின்று கேட்டேன். அக்கா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த பஸ்ஸைக் கையால் காட்டினார்.